உயிரின் ஏட்டுக்குப் பாடபேதம் பார்ப்போர்

சம்பூர்க் கரையில் நின்று வடக்கு நோக்குபவனுக்குக் கொட்டியாரக் குடாவின் நீர்ப்பரப்பும், அதற்கப்பால் திருகோணமலைத் துறைமுகத்தை அரண்போற் சூழ்ந்த குன்றுகளும் தோன்றும். மேற்கே மூதூரும், மகாவலி கங்கை கடலோடு கலக்கும் முகத்துவாரமும், அங்கங்கே கண்டற்காடுகளும், அவற்றையும் கடந்து சென்றால் கிண்ணியாவும் உள்ளன. அந்தக் கிண்ணியாவிலே 2017 ஆம் ஆண்டின் முற்பகுதியில் டெங்குக் காய்ச்சல் மூண்டு, உயிர்களைப் பலிகொண்டு, மாவட்டத்தையே கலங்கவைத்ததை இப்பகுதியார் மறந்திருக்க மாட்டார்கள். அவ்வாண்டு முடிவதற்குள் இலங்கை முழுவதிலும் 186,000 பேருக்கு மேற்பட்டோர் அந்நோய்க்கு ஆளானதாகப் பதிவாயிற்று. 400 பேருக்கு மேல் மாண்டனர்.

ஊரார் நுளம்பைத் தேடிச் சிரட்டைகளையும் பழைய டயர்களையும் கவிழ்த்துக்கொண்டிருந்த அந்நாட்களில், வைத்திய ஆராய்ச்சியாளரை வேறொரு கேள்வி வருத்திக்கொண்டிருந்தது: டெங்கு வைரசில் நான்கு வகைகள் உண்டே, இப்போது வந்திருப்பது அவற்றுள் எது? ஒரு வகையால் பீடிக்கப்பட்டுத் தேறியவர் அவ்வகைக்கு எதிராகவே நெடுங்காலப் பாதுகாப்பைப் பெறுகிறார். பின்னர் வேறொரு வகை தொற்றும்போது, அப்பழைய பாதுகாப்பே சில சமயங்களில் சத்துருவாக மாறி நோயை உக்கிரமாக்கிவிடுவதுண்டு. ஆதலால், சில காலம் அருகியிருந்த ஒரு வகை மீண்டும் தலையெடுத்தால், அதற்குப் பழக்கப்படாத இளந்தலைமுறை முழுவதும் அதன் வழியில் நின்றுகொண்டிருக்கும். 2017 இல் மேலோங்கியது இரண்டாம் வகை. வகையை மட்டும் அறிவதற்கு எளிய சோதனைகள் போதும். அவ்வகைக்குள் இஃது எந்தக் கிளை, எத்தேசத்துக் கிளைகளுக்கு உறவு என்பதையெல்லாம் நிர்ணயிக்க வேண்டுமாயின், வைரசின் எழுத்துகளையே வாசித்தாக வேண்டும்.

எழுத்துகள் என்று சொன்னது வெறும் உருவகமன்று. டெங்கு வைரசின் மரபுப்பொருள், நான்கே எழுத்துகளை மாற்றி மாற்றி அடுக்கியெழுதிய, ஏறத்தாழ 10,700 எழுத்து நீளமுள்ள ஒரு சிறு சாசனம். மனிதனுடைய சாசனமோ ஏறத்தாழ 300 கோடி எழுத்து நீளமுடையது. இவற்றை வாசிக்கும் யந்திரங்கள் வந்துவிட்டன என்று கேள்விப்படும் சாமானிய வாசகர், ஒருபுறம் இரத்தத் துளியை விட்டால் மறுபுறம் முழுச் சாசனமும் தலைமுதற் கால்வரை எழுதப்பட்டு வெளிவரும் என்று எண்ணக்கூடும். வருவது அதுவன்று. இன்று மிகுதியாக வழங்கும் யந்திரங்கள் 150 எழுத்தளவான துண்டுகளாகவே வாசிக்கின்றன. அத்தகைய துண்டுகள் இலட்சக்கணக்கிலும் கோடிக்கணக்கிலும், ஒழுங்கேதுமின்றி ஒன்றன்மேலொன்று படிந்து, ‘இவ்வெழுத்தை இவ்வளவு நம்பலாம்’ என்று எழுத்துத்தோறும் இட்ட ஒரு குறியெண்ணுடன், பெருங்கோப்பாக வந்து விழுகின்றன. குறியெண் 20 ஆனால் நூறில் ஒன்று பிழையாகலாம். 30 ஆனால் ஆயிரத்தில் ஒன்று. ஆயிரத்தில் ஒன்றுதானே என்று அலட்சியமாக இருத்தற்கில்லை. 300 கோடியில் அஃது எத்தனையாகும் என்பதை வாசகரே கணித்துக்கொள்ளலாம்.

தமிழ் நூற்பதிப்பின் சரித்திரம் அறிந்தவருக்கு இந்த நிலைமை பழகிய நிலைமையே. சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1887 இல் கலித்தொகையையும், அதே ஆண்டில் உ. வே. சாமிநாதையர் சீவகசிந்தாமணியையும் அச்சேற்றியபோது, அவர்களிடம் சேர்ந்தவை செல்லரித்த ஏடுகளும், முன்னும் பின்னும் முறிந்த ஏடுகளும், மெய்யெழுத்துக்குப் புள்ளியிடாமல் எழுதிப்போந்த ஏடுகளுமே. ஒரு பிரதியில் சிதைந்த இடத்தை மற்றொரு பிரதியால் நிரப்பியும், ஒரே பிரதியில் மட்டும் தலைகாட்டும் வேற்றுமையை எழுதினோன் கைப்பிழையென்று சந்தேகித்தும், பல பிரதிகளில் ஒத்துவரும் வேற்றுமையைப் பாடபேதமென மதித்து அடிக்குறிப்பில் அமைத்தும் அவர்கள் செய்த காரியம் எதுவோ, அதுவே, இத்துண்டுகளைக் கணினியால் ஆராயும் உயிர்த்தகவலியலார் இன்று செய்யும் காரியத்தின் உயிர்நாடி. சாசனத்தின் ஒவ்வோரிடமும் முப்பது தடவை, சில சமயங்களில் ஆயிரம் தடவை வாசிக்கப்பட்டிருக்கும். மனிதச் சாசனத்தில், முப்பது வாசகங்களுள் ஒன்று மட்டும் மாறுபட்டால் யந்திரத்தின் பிழை, பதினைந்து மாறுபட்டால் தந்தைவழிப் பிரதியும் தாய்வழிப் பிரதியும் அவ்விடத்தில் வேறுபடுகின்றன, முப்பதும் மாறுபட்டால் இருவழியும் ஒத்து மூலத்தினின்று விலகியிருக்கின்றன என்பது இக்கலையின் அரிச்சுவடி. ஐயரவர்களுக்குப் பிரதிகள் போதாமை கவலையாக இருந்தது. இங்கே பிரதிகளின் பெருக்கமே கவலை. எந்த மனிதக் கண்ணும் வாசித்து முடிக்க இயலாத பெருக்கமாதலால், ஒப்புநோக்கும் விதிகளை வகுத்துக் கணினியிடம் ஒப்படைக்க வேண்டியதாயிற்று.

தேடும் வேலையும் அவ்வாறே. கண்டெடுத்த ஒரு புதிய வரிசை, உலகத்தில் இதுவரை பதிவான வரிசைகளுள் எதனோடு உறவுடையது என்பதை அறிய, ஒவ்வொன்றையும் எழுத்தெழுத்தாக ஒப்பிடும் முறையை நீடில்மன், வுன்ஷ் என்போர் 1970 இலும், அதன் திருத்தமான வடிவம் ஒன்றை ஸ்மித், வாட்டர்மன் என்போர் 1981 இலும் வகுத்தனர். குறைவற்ற முறைகள், ஆனால் களஞ்சியம் பெருகப் பெருகக் காலத்தை விழுங்கின. 1990 இல் வந்த ‘பிளாஸ்ட்’ என்னும் முறையோ, பழம்பதிப்புகளின் இறுதியில் செய்யுள் முதற்குறிப்பகராதி சேர்ப்பவரின் யுக்தியைக் கையாண்டது எனலாம்: முழுச் செய்யுளையும் எல்லா நூல்களோடும் ஒப்பிடாமல், அதிலுள்ள சிறு சொற்களை எடுத்து அவை எங்கெங்கே வருகின்றன என்று அகராதியில் பார்த்து, பொருந்திய இடங்களில் மட்டும் இருபுறமும் நீட்டி வாசித்துப் பார்ப்பது. எப்போதாவது ஓர் உறவு தப்பிப்போகும். ஆயினும் நாட்கணக்கான வேலை நிமிஷங்களில் முடிந்தது. எதை இழந்து எதைப் பெறுகிறோம் என்று தெரிந்துகொண்டு இழக்கும் இந்தச் சாமர்த்தியத்தில் எனக்குப் பெருமதிப்பு உண்டு.

இந்தக் கலையில் தேர்ந்தவர்கள் எங்கே இருக்கிறார்கள்? தவளையின் கல்லீரலையோ நெற்பயிரின் வேரையோ பல்லாண்டு பயின்ற உயிரியலாருள் மிகப் பலருக்குப் புள்ளியியலிலும் கணினி நிரலிலும் பயிற்சியில்லை. நிரல் வல்லாருக்கோ கல்லீரலைப் பற்றித் தெரியாது. ஒவ்வொரு பேராசிரியரும் தம் ஆய்வுகூடத்தில் தனியாக ஒரு கணக்கரை அமர்த்திக்கொள்ளுதல் செலவு மிக்கது. அப்படி அமர்த்தப்பட்டவரும் தம் தொழிலினர் எவருடைய துணையுமின்றித் தனிமையில் வாடுவார். ஆகையால், மின்னணு நுண்ணோக்கியைப் பொதுவில் வைத்து எல்லாரும் பயன்படுத்துவதுபோல, இவ்வித்தகர் சிலரை ஒரு பொதுக்கூடத்தில் இருத்தி, துறைதோறும் உள்ள உயிரியலார் வந்து ஆலோசனை கேட்கவும், கோப்புகளைக் கொடுத்து ஆராய்ந்து பெறவும், தாமே செய்யக் கற்றுக்கொள்ளவும் வழிசெய்யும் ஏற்பாடு பல்கலைக்கழகங்களில் உருவாயிற்று.

இவ்வேற்பாட்டின் பூர்வ சரித்திரத்தில் தமிழ்நாட்டுக்குச் சிறிதல்லாத பங்குண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரன், ராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகிய மூவரும் 1963 இல் வெளியிட்ட சிறு கட்டுரையொன்றில், புரதச் சங்கிலியின் ஒவ்வொரு கணுவும் இரண்டே கோணங்களால் திரும்புகிறது என்றும், அணுக்கள் ஒன்றையொன்று முட்டாமல் இருக்கக்கூடிய கோணங்கள் சிலவே என்றும் கணக்கிட்டு, அவற்றை ஒரு சதுர வரைபடத்தில் அடக்கிக் காட்டினர். மேசைமேல் வைத்துக் கையால் இயக்கும் கணக்குப்பொறியில் போட்ட கணக்கு அது. இன்றும் உலகில் எந்த ஆய்வுகூடம் ஒரு புரதத்தின் உருவத்தை நிர்ணயித்தாலும், அவ்வுருவம் மெய்யானதா என்று பார்க்க முதலில் விரிப்பது ‘ராமச்சந்திரன் வரைபடம்’ என்னும் அந்தச் சதுரத்தைத்தான். மார்கரெட் டேஹாஃப் என்ற அமெரிக்கப் பெண்மணி, அதுவரை அறியப்பட்ட 65 புரதங்களின் வரிசைகளை ஒரு நூலாகத் தொகுத்தது அதற்கு ஈராண்டு கழித்து, 1965 இல். 1982 முடிவில் ‘ஜென்பாங்க்’ என்னும் பொதுக் களஞ்சியத்தில் இருந்தவை 606 வரிசைகள், எழுத்துகள் ஏழு இலட்சத்துக்கும் குறைவு. ஒரு தடித்த புத்தகத்தில் அடங்கிவிடக்கூடிய அச்செல்வம், இன்று எண்ணிச் சொன்னால் மனத்தில் நிற்காத தொகையாகப் பெருகிவிட்டது.

இந்திய அரசு 1986 இல் உயிர்த்தொழினுட்பத் துறையை அமைத்து, அதனை ஒட்டி 1986–87 இல் உயிர்த்தொழினுட்பத் தகவல் வலையமைப்பு ஒன்றையும் தொடங்கியபோது, அதன் மையங்களுள் ஒன்று மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் நிறுவப்பட்டது. இணையம் என்ற சொல்லே பொதுமக்கள் காதில் விழாத காலம் அது. களஞ்சியங்களின் பிரதிகளைக் காந்த நாடாவிலும் பின்னர் குறுந்தட்டிலும் தருவித்து வைத்துக்கொண்டு, அயலூர்க் கல்லூரிகளிலிருந்து வரும் உயிரியலாருக்காக வரிசைகளை ஒப்பிட்டுக் கொடுப்பதும், ஆய்வுப் பிரசுரங்களைத் தேடித் தருவதும், பயிற்சி வகுப்பு நடத்துவதும் இத்தகைய மையங்களின் அன்றாட அலுவல். இன்று கைபேசியிலேயே செய்யத்தகும் தேடலுக்காக ஓர் ஆராய்ச்சி மாணவர் இரவுப் பேருந்தேறி மதுரை வந்து சேர்ந்திருப்பார் என்று நினைத்துப் பார்க்கும்போது, அவ்வசதியின் அருமை விளங்கும்.

தேடல் சுலபமாகிவிட்ட பிறகு அம்மையங்களுக்கு என்ன வேலை என்ற கேள்வி எழலாம். உண்மையான வேலை அதன்பிறகே தொடங்கிற்று. இதனைச் சொல்ல ஒரு பழைய பேச்சை நினைவுகூர்தல் நலம். 1938 இல் கல்கத்தாவில் கூடிய முதல் இந்தியப் புள்ளியியல் மாநாட்டில் தலைமை வகித்த ரொனால்ட் ஃபிஷர், பரிசோதனை முடிந்த பின்னர்ப் புள்ளியியலாரை அழைப்பது பிரேத பரிசோதனைக்கு வைத்தியரை அழைப்பது போலாகும், நோயாளி எதனால் இறந்தார் என்று சொல்வதைத் தவிர அவரால் வேறொன்றும் இயலாது என்ற கருத்தை அங்கே வற்புறுத்தினார். பொதுக்கூடங்களில் பணிபுரிவோர் இதனை இன்றும் பெருமூச்சுடன் எடுத்துச் சொல்வதற்குக் காரணம், இவ்வளவு ஆண்டுகளாகியும் பிரேதங்கள் வந்துகொண்டேயிருப்பதுதான்.

சம்பூரிலிருந்து திருகோணமலை வளாகத்துக்குச் சென்று படிக்கும் ஒரு மாணவியை மனத்திற் கற்பித்துக்கொள்வோம். மகாவலி முகத்துவாரத்துக் கண்டற்சேற்றில் வாழும் பக்டீரியாக்களும், உப்பு மிகுந்த திறந்த கரையோரச் சேற்றில் வாழ்வனவும் எவ்வாறு வேறுபடுகின்றன என்று அறிவது அவளுடைய நோக்கம். எல்லாப் பக்டீரியாவிலும் உள்ள, ஏறத்தாழ 1,500 எழுத்து நீளமான மரபணு ஒன்று உண்டு. அதன் ஒரு பகுதியை வாசித்தால், சேற்றில் எவ்வெவ் இனம் எவ்வளவு உண்டு என்று மதிப்பிடலாம். ஆவணி வெயிலில் கரையோரச் சேற்றை எடுத்துவிட்டாள். முகத்துவாரத்துக்குப் போகத் தோணி கிடைக்காமல் தள்ளிப்போய், மார்கழி மாரியில், ஆறு பெருகியிருந்தபோது அந்தச் சேற்றை எடுத்தாள். கோப்புகளுடன் பொதுக்கூடத்துக்கு வருகிறாள். இரண்டு சேறும் வானமும் பூமியும்போல் வேறுபடுகின்றன என்ற உற்சாகம் அவள் முகத்தில் தெரிகிறது.

அங்கிருக்கும் வித்தகர் கோப்பைத் திறப்பதற்கு முன்பே, “இவை எப்ப எடுத்தது, தங்கச்சி?” என்று கேட்கிறார்.

அந்த ஒரு கேள்வியில் ஆராய்ச்சி முழுவதும் ஆட்டம் கண்டுவிடுகிறது. கண்ட வேற்றுமை இடத்தால் வந்ததா, பருவத்தால் வந்ததா? இரண்டும் பின்னிக் கிடக்கின்றன. கரையோரத்துக்கு மாரிச் சேறு இல்லை, முகத்துவாரத்துக்குக் கோடைச் சேறு இல்லை. உலகத்திலுள்ள கணினிகளையெல்லாம் ஒன்றாகச் சேர்த்தாலும் இந்த முடிச்சை அவிழ்க்க இயலாது. தகவலே அங்கில்லாதபோது கணிதம் எங்கிருந்து அதனைக் கொண்டுவரும்? இதனோடு நின்றதா? முதற்தொகுதியை ஒரு ரசாயனப் பொதியாலும் இரண்டாவதை வேறொரு பொதியாலும் பதப்படுத்தியிருந்தால் அதுவும் ஒரு முடிச்சு; ஒன்றை ஒரு நாளும் மற்றதை வேறொரு நாளும் யந்திரத்தில் ஏற்றியிருந்தால் இன்னுமொன்று; இடத்துக்கு ஒரே ஒரு மாதிரி எடுத்திருந்தால், ஒரே இடத்தில் சேற்றுக்குச் சேறு இயல்பாக எவ்வளவு வேறுபடும் என்பதே தெரியாது. புறப்படுவதற்கு முன் ஒரு மணி நேரம் வந்து பேசியிருந்தால் தீர்ந்திருக்கக்கூடிய காரியம் இது.

வேறு வகைப் பிழைகளும் உண்டு; அவற்றுள் ஒன்று சிரிப்புக்கிடமானது. மனித மரபணுக்கள் சிலவற்றுக்கு ‘மார்ச்1’, ‘செப்ட்2’ என்பன போன்ற சுருக்கப் பெயர்கள் வழங்கிவந்தன. உயிரியலார் தம் பட்டியல்களை எக்செல் அட்டவணையில் இட்டபோது, அம்மென்பொருள் அவற்றை மாதங்களின் பெயரென்று தானாகவே கருதி, மார்ச் முதலாந் தேதி என்றும் செப்டம்பர் இரண்டாந் தேதி என்றும் மாற்றி எழுதிவிட்டது. மாற்றியதை எவரிடமும் சொல்லவுமில்லை. 2016 இல் வெளியான ஓர் ஆய்வு, அத்தகைய மரபணுப் பட்டியல்களை எக்செலில் இணைத்து முன்னணி இதழ்களில் வந்த கட்டுரைகளுள் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் இந்த விபரீதம் இருப்பதைக் கண்டது. முடிவில் தோற்றது விஞ்ஞானமே: மனித மரபணுக்களுக்குப் பெயரிடும் குழுவினர் 2020 இல் அம்மரபணுக்களுக்கே ‘மார்ச்எஃப்1’, ‘செப்டின்2’ என்று வேறு பெயர் வைத்தனர். பொதுக்கூடத்து ஊழியர் வந்த கோப்பை வாங்கியதும் அதில் தேதிகள் உண்டா என்று தேடுவது பலருக்கு அற்பமாகத் தோன்றும். ஏட்டில் ரகரத்தையும் காலையும் பிரித்தறிய ஒரு பகல் முழுதும் செலவிட்ட பதிப்பாசிரியருக்கு அஃது அற்பமாகத் தோன்றியிராது.

இலங்கையில் இக்கலையின் பயனை நாடறியக் காட்டியது கொரோனாத் தொற்று. 29,903 எழுத்து நீளமுள்ள அவ்வைரசின் சாசனம் 2020 சனவரியில் உலகுக்கு வெளியிடப்பட்டதும், எங்கும் ஆய்வாளர் தத்தம் நோயாளரிடமிருந்து பெற்ற வரிசைகளை அதனோடு ஒப்பிடத் தொடங்கினர். ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகத்தில், பல்லாண்டு டெங்குவை ஆராய்ந்துவந்த நீலிகா மலவிகே முதலியோரின் ஆய்வகம் அவ்வேலையை இங்கே மேற்கொண்டது. 2020 ஐப்பசிக்குப் பின் நாடெங்கும் பரவிய அலையில் காணப்பட்ட கிளை, வேறெங்கும் பெருகாத ஒன்றாக இருந்தமையால், பெயரிடும் முறைப்படி பி.1.411 என்ற எண்ணைப் பெற்றது. 2021 சித்திரையளவில் அதனைத் தள்ளிவிட்டு ‘அல்பா’ என்னும் திரிபு மேலோங்கியதும் அவ்வரிசைகளால் அறியப்பட்டதே. பிரதிகளின் பொதுப்பிழைகளைக் கொண்டு எந்தப் பிரதி எதைப் பார்த்து எழுதப்பட்டது என்று வம்சாவளி வரைவார்களே, அதே நியாயந்தான் இங்கும்: இரண்டு நோயாளரின் வைரசில் ஒரே அபூர்வமான எழுத்து மாற்றம் இருந்தால், அவை ஒரே மூலத்திலிருந்து வந்திருத்தல் கூடும்.

இத்தகைய கணக்குகள் சில மணி நேரத்தில் முடிவனவுமுண்டு, நாட்கணக்கில் ஓடுவனவுமுண்டு. அவற்றுக்கு வேண்டிய முதற்பொருளைப் பற்றி எழுத வந்தவர் எவரும் பேசுவதில்லை, அது மின்சாரம். 2022 பங்குனி இறுதியில் இந்நாட்டில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் மின்வெட்டு நிகழ்ந்தபோது, நெடுங்கணக்கொன்றை ஓடவிட்டவரின் மனநிலை எப்படியிருந்திருக்கும் என்று ஊகிக்கலாம். மின்சாரம் என்றதும் சம்பூரார் ஒருவர் இரண்டு வார்த்தை கூடுதலாகச் சொன்னால் வாசகர் பொறுத்துக்கொள்ள வேண்டும். 2006 இன் போரில் இவ்வூர் மக்கள் இடம்பெயர்ந்தனர். அவர்கள் நிலத்தின் ஒரு பகுதியில் நிலக்கரி மின்னிலையம் வருவதாக இருந்தது. 2015 முதல் மக்கள் படிப்படியாக மீண்டனர். 2016 இல் நிலக்கரித் திட்டம் கைவிடப்பட்டது. 2025 சித்திரை 5 இல் 120 மெகாவாட் சூரிய மின்னிலையத்துக்குத் தொடக்கவிழா நடந்தது. வெயிலுக்கு இங்கே ஒருபோதும் பஞ்சமில்லை.

பொதுக்கூடத்தாரின் மனக்குறையொன்றையும் சொல்லிவிடுகிறேன். கட்டுரை வெளிவரும்போது ஆசிரியர் வரிசையில் அவர்கள் பெயர் இடம்பெறுமா, நன்றியுரையின் கடைசி வரியில் ஒதுங்குமா, அன்றி ‘மணிக்கு இவ்வளவு’ என்ற கட்டணச் சீட்டோடு முடிந்துவிடுமா என்பது எங்கும் தீராத வழக்கு. கரைவலை இழுக்கும் ஊரில் இதற்கு ஒரு நியாயம் உண்டு: வலையைப் பொத்தியவனும் தோணியில் போனவனும் கரையில் நின்று கயிறிழுத்தவனும் பங்குக்கு உரியவர்; பங்கின் அளவு வேறுபடலாம், பங்கே இல்லையென்று எவரும் சொல்வதில்லை. முடிவுகளை வடித்த முறையைத் தாமே வகுத்தவர் ஆசிரியருள் ஒருவரே என்பது என் அபிப்பிராயம். வகுத்துவைத்த முறையில் கோப்பை ஓட்டிக் கொடுத்தவருக்கு நன்றியுரை போதும். அவ்வோட்டத்தைக்கூட 2005 இல் தோன்றிய ‘காலக்சி’ போன்ற தளங்களில் கட்டளை மொழி அறியாத உயிரியலாரே இன்று செய்துகொள்ளலாம். கேள்வி கேட்க மட்டும் அத்தளங்களுக்குத் தெரியாது.

நம்முடைய மாணவியிடம் வருவோம். அழுகையை அடக்கிக்கொண்டு அவள் உட்கார்ந்திருக்க, வித்தகர் ஒரு தாளை எடுத்துக் கட்டம் போடுகிறார்: இரண்டு இடம், இரண்டு பருவம், ஒவ்வொரு கட்டத்திலும் ஆறு மாதிரி. ஒவ்வொரு பருவத்திலும் ஒரே நாளில் இரண்டு இடத்தையும் முடிக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரே பொதியால் பதப்படுத்த வேண்டும். யந்திரத்தில் ஏற்றும்போது இடமும் பருவமும் கலந்து வரும்படி சீட்டுக் குலுக்கி வரிசைப்படுத்த வேண்டும். ஆவணிச் சேற்றையும் மார்கழிச் சேற்றையும் வீசிவிட வேண்டாம், முறை பழகுவதற்கு அவை உதவும் என்கிறார். “மாரி முடியமுதல் ஒருக்காப் போயிட்டு வாங்கோ” என்கிறார்.

அடுத்த கிழமை, விடிவதற்கு முன், மாமன் ஒருவரின் தோணியில் ரெஜிபோம் பெட்டி நிறைய ஐசுடன் அவள் முகத்துவாரத்துக்குப் புறப்படுகிறாள். மடியில் ஒரு கொப்பி; அதில் நேரத்துக்கு ஒரு நிரல், உப்பளவுக்கு ஒரு நிரல், மழைக்கு ஒரு நிரல். மாதிரிகளின் பெயரை மட்டும், எந்த அட்டவணையும் தேதியென்று மயங்காதபடி, தமிழெழுத்தில் தொடங்கியிருக்கிறாள்.